ஏழு பிள்ளைகளுக்கு ஒரு விண்ணப்பம்

பதினான்காவது கேள்வியை நான் ஜெயசுதாவுக்குப் படித்துக் காட்டியிருக்கக் கூடாது.

செஞ்சி பஜாரில் ஜெராக்ஸ் கடை வைத்துப் பதினெட்டு வருஷம் ஆகிறது. முதியோர் பென்ஷன், பட்டா மாறுதல், வருமானச் சான்று, ஸ்காலர்ஷிப் என்று ஒரு நாளைக்கு இருபது விண்ணப்பமாவது கம்ப்யூட்டரில் நிரப்புகிறேன். ஆம், இல்லை என்று இரண்டு கட்டம் வந்தால், எதைத் தட்டினால் வேலை நடக்குமோ அதைத் தட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவேன். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் கேட்டதில்லை. அவரவருக்கு பஸ் பிடிக்கிற அவசரம். ஜெயசுதா கேட்டாள். நானும் அன்றைக்கென்று வேலைவெட்டி இல்லாதவன் மாதிரி வரிவரியாகத் தமிழில் சொன்னேன். என் வாய் சும்மா இருந்திருந்தால் மூன்று ஏக்கர் நெல் தப்பித்திருக்கும்.

ஜெயசுதாவின் வீட்டுக்காரன் தரணேந்திரனும் நானும் ஒரே வரப்புக்கு இரண்டு பக்கத்துக்காரர்கள். ஊர் சிங்கவரத்தைத் தாண்டி இரண்டு கிலோமீட்டர். அவர்கள் நயினார்கள். சமணர்களை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். சமணர் என்றாலே வடக்கிலிருந்து வியாபாரத்துக்கு வந்தவர்கள் என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். இவர்கள் எங்களைப் போலவே நாற்று விட்டு, மடை திருப்பி, மழைக்கு வானத்தைப் பார்க்கிறவர்கள். பொழுது சாய்ந்தால் சாப்பிட மாட்டார்கள், துணியில் வடிகட்டாமல் தண்ணீர் குடிக்க மாட்டார்கள், வெங்காயம் பூண்டு அடுப்பங்கரைக்குள் வராது. மற்றபடி எங்களுக்கு வருகிற பூச்சிதான் அவர்களுக்கும் வரும்.

ஜெயசுதா பி.எஸ்ஸி. படித்தவள். நாலு வருஷமாகச் சனி, ஞாயிறு காலையில் தன் வீட்டுக் கூடத்தில் நயினார் வீட்டுப் பிள்ளைகளுக்கு வகுப்பு நடத்திக்கொண்டிருந்தாள். மந்திரம் சொல்லித் தருவாள். இருபத்து நான்கு தீர்த்தங்கரர்களையும் வரிசையாகச் சொல்ல வைப்பாள். காளை, யானை, குதிரை என்று ஒவ்வொருவருக்கும் உள்ள அடையாளத்தை நோட்டில் வரையச் சொல்வாள். ராத்திரியில் ஏன் சாப்பிடக் கூடாது, பள்ளிக்கூடத்தில் மற்ற பிள்ளைகள் கிண்டல் பண்ணினால் என்ன பதில் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் அந்த வகுப்பில்தான். வந்தது ஏழு பிள்ளைகள். அவள் மகள் அனு ஒருத்தி. எங்கள் ஊரிலேயே இருக்கிற வித்யாஸ்ரீயும் அவள் தங்கையும் இரண்டு பேர். பக்கத்து ஊர்களிலிருந்து கன்னியப்பனின் ஷேர் ஆட்டோவில் வருகிறவர்கள் நாலு பேர். வீடு வீடாகப் போய்க் கேட்டு அவள் சேர்த்த ஏழு.

ஆட்டோவுக்கு அவள்தான் பால் விற்று வாடகை கொடுத்து வந்தாள். மாடு வற்றிவிட்டது. பஜாரில் ஒரு துணிக்கடையில் அவளுக்கு வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். துணிக்கடையில் சனி, ஞாயிறுதான் கூட்டம், அந்த இரண்டு நாளும் லீவு கிடையாது.

"வேலைக்குப் போறியா, கிளாஸ் எடுக்கறியா, பொங்கலுக்குள்ள ஒண்ணு சொல்லு" என்று தரணி அவளிடம் சொல்லியிருந்தான். அவன் கெட்டவன் இல்லை. வீட்டில் ஒரு சம்பளம் வந்தால்தான் ஓடும் என்கிற நிலைமை.

அப்போதுதான் மெட்ராஸில் இருக்கிற ஒரு டிரஸ்ட்டைப் பற்றி அவளுக்குத் தெரிய வந்தது. வடக்கத்திச் சமண வியாபாரிகள் சேர்ந்து நடத்துகிற டிரஸ்ட். சமணப் பிள்ளைகளுக்கு மதக் கல்வி எங்கே நடந்தாலும் சொல்லித் தருகிறவருக்கு மாதாமாதம் ஊதியமும் பிள்ளைகள் வந்து போகிற செலவும் தருவார்கள் என்று போனில் பார்த்திருக்கிறாள். ஐப்பசி மாதம் ஒரு மத்தியானம், பாதி நனைந்த புடவையோடு என் கடைக்கு வந்து, "அண்ணா, இத்த மட்டும் நல்லா போட்டுக் குடுங்க" என்றாள்.

விண்ணப்பம் இங்கிலீஷிலும் இந்தியிலும் இருந்தது. பதின்மூன்று கேள்விவரை சிரமமில்லை. பிள்ளைகள் எத்தனை என்ற இடத்தில் ஏழு என்று போட்டேன்.

"பதினாலாவதுல இன்னாண்ணா கேக்கறாங்க?"

"ஒண்ணியும் இல்லம்மா. ஆமான்னு போட்டுடறேன்."

"இன்னான்னு சொல்லிட்டுப் போடுங்க."

"கிளாஸ் எடுக்கறவங்களும் அவங்க வூட்டுல இருக்கறவங்களும் தெரிஞ்சு எந்த உசுரையும் கொல்றது இல்லன்னு உறுதி குடுக்கறீங்களான்னு கேக்குது. ஆமா, இல்ல. அவ்ளோதான்."

அவள் திரையை எட்டிப் பார்த்தாள். பின்னால் ஆதார் ஜெராக்ஸுக்கு இரண்டு பேர் நின்றிருந்தார்கள்.

"தெரிஞ்சுன்னு போட்டிருக்குதா?"

"தெரிஞ்சுன்னுதான் போட்டிருக்குது."

"ஏரு ஓட்டறப்ப சாவறது தெரியாம சாவறது. அது வேற. ஒழவு சொல்லிக் குடுத்ததே மொத தீர்த்தங்கரரு ஆதிநாதருதான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிறகு என்னைப் பார்த்து, "பூச்சிக்கு மருந்தடிக்கிறது?" என்றாள்.

"அத்த யாரும்மா வந்து பாக்கப் போறாங்க. இது சும்மா எல்லாத்துலயும் இருக்கறது."

"அவங்க பாக்கறதுக்கு இல்லண்ணா. கையெழுத்து நாந்தான போடணும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. இரண்டு நிமிஷம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம், "ஆமான்னே போடுங்க" என்றாள். தட்டினேன். பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். கையெழுத்துப் போட்டாள். ஸ்கேன் பண்ணி அனுப்பிவிட்டு ஆதார்காரரைக் கூப்பிட்டேன். விஷயம் அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

ஒரு மாதம் கழித்து பதில் வந்தது. கார்த்திகை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை குறித்து, எங்கள் ஆள் நேரில் வந்து பிள்ளைகளைப் பார்ப்பார் என்று எழுதியிருந்தார்கள். அந்த மெயிலைக் காட்டியபோது ஜெயசுதா இரண்டு முறை படிக்கச் சொன்னாள். அன்றைக்கு என் மனைவி மனோரமாவுக்கு ஒரு தூக்கு நிறையப் பாசிப்பருப்புப் பாயசம் வந்தது.

அந்த வருஷம் சம்பா நன்றாக வந்திருந்தது. கதிர் வெளியே வந்து பால் பிடிக்கிற நேரம். ஆனால் மழையும் பெய்யாமல் வெயிலும் அடிக்காமல் ஒரு வாரமாக மூட்டம். காலையில் ராஜகிரி மலை பத்து மணிவரை கண்ணுக்குத் தெரியாது. உடம்பெல்லாம் பிசுபிசுவென்று இருக்கும். எங்கள் பக்கத்து விவசாயி யாரைக் கேட்டாலும் சொல்வான், இது புகையான் பூச்சிக்குப் பிடித்த சீதோஷ்ணம் என்று.

புதன்கிழமை காலையில் தரணி வரப்பில் நின்று கூப்பிட்டான். போனேன். உள்ளே இறங்கி ஒரு தூரைக் கையால் தட்டிக் காட்டினான். உமியைத் தூவினாற்போல் தண்ணீரில் பூச்சி விழுந்தது. விழுந்ததெல்லாம் குதித்து அடுத்த தூரில் ஏறியது.

"உன்துல பாத்தியா?" என்றான்.

"என்துலயும் இருக்குது. இம்மாம் இல்ல. நாளைக்கு அடிச்சிடலாம். ரெண்டு பேருக்கும் சேத்து வாங்கியாறேன்."

அவன் சேற்றில் நின்றபடி வீட்டுப் பக்கம் பார்த்தான்.

"இன்னாடா?"

"அவ வேணாங்கறா."

"எத்த வேணாங்கறா?"

"மருந்த. நீதான இன்னாவோ படிச்சுக் காட்டினியாம். எங்கூட்டுல எவனும் உசுரக் கொல்றதில்லன்னு எழுதிக் குடுத்துட்டாளாம். எழுதிக் குடுத்துட்டு எப்பிடி அடிக்கிறதுங்கறா."

"வருசா வருசம் அடிக்கறதுதானடா. உங்க நைனாவே அடிச்சாரே."

"அதான் நானும் கேட்டேன். அது கையெழுத்துப் போடறதுக்கு முந்திங்கறா."

எனக்குக் கோபமாக வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. "பைத்தியமாடா அவ?" என்று கேட்டுவிட்டேன்.

"பைத்தியம்னா சும்மா இருந்துடுவேனே" என்றான் தரணி. "இன்னொண்ணும் இருக்குது. இப்ப அடிச்சா மூணு நாளைக்கு நாத்தம் போவாது. ஞாயித்துக்கெழம அந்தாளு வந்து எறங்கறப்போ ஊரெல்லாம் மருந்து வாசன அடிச்சா நல்லாவா இருக்கும்? நாலு நாளுதான். வந்து பாத்துட்டுப் போவட்டும். திங்கக்கெழம காலையில நானே டேங்க மாட்டிக்கினு எறங்கிடறேன். அவ கத்தினா கத்தட்டும்."

நாலு நாள் தாங்கும் என்று அவன் கணக்குப் போட்டான். நானும் தலையாட்டினேன். இரண்டு பேருக்கும் முப்பது வருஷ விவசாயம்.

சும்மா இருக்கவில்லை அவர்கள். அன்றைக்கே மடையைத் திறந்து வயலில் நின்ற தண்ணீரை வடியவிட்டார்கள். தூருக்குக் காற்று போனால் பூச்சி குறையும். எட்டடிக்கு ஒரு தடவை பயிரை இரண்டு பக்கமும் விலக்கிப் பாதை விட வேண்டும். மூங்கில் கழியை வைத்துக்கொண்டு தரணி முன்னால் விலக்கிக்கொண்டே போக, ஜெயசுதா பின்னால் குனிந்து இரு கையாலும் பயிரைச் சாய்த்துவிட்டாள். பள்ளிக்கூடம் விட்டு வந்து அனுவும் இறங்கினாள். முழங்கால்வரை சேறு. நெல்லின் சுனை பட்டு மூன்று பேர் கையும் சிவந்து தடித்திருந்தது.

மறுநாள் காலையில் ஜெயசுதா என் வீட்டு வாசலுக்கு வந்தாள். கையில் பாட்டில்.

"அண்ணா, வேப்பெண்ண கொல்லுமா, வெரட்டுமா?"

"வெரட்டும்னுதான் சொல்றாங்க."

"சொல்றாங்களா, நெசமாவே வெரட்டுமா? மருந்துக் கடக்காரு ரெண்டும் பண்ணும்ங்கறாரு."

"ரெண்டும் பண்ணாதான்மா உனுக்கு நல்லது."

அவள் சிரிக்கவில்லை. மனோரமா உள்ளேயிருந்து வந்தாள். "ஏன் ஜெயசுதா, ஒரு பூச்சிக்குப் பாவம் பாக்கறியே, உம் பொண்ணுக்குப் பாவம் பாக்க வேணாவா? அவ துன்றது இந்த நெல்லதான?" என்றாள்.

"பூச்சிக்குப் பாவம் பாக்கலக்கா. ஏழு புள்ளைங்கள ஒக்கார வெச்சிப் பொய் சொல்லக் கூடாதுன்னு சொல்லித் தரேன். அந்தக் கிளாஸுக்குப் பணம் வாங்கறதுக்கே பொய் எழுதிக் குடுத்துட்டு எந்த மூஞ்சிய வெச்சிக்கினு சொல்றது?"

மனோரமா உள்ளே போய்விட்டாள். வேப்பெண்ணெய் விரட்டத்தான் செய்யும், கொல்லாது என்று நான் ஜெயசுதாவிடம் சொன்னேன். எனக்குத் தெரியாது. தெளித்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. பூச்சி அந்த அளவுக்கு ஏறிய பிறகு வேப்பெண்ணெய்க்கு என்ன மரியாதை.

சனிக்கிழமை சாயங்காலம் நான் தரணி வீட்டில் இருந்தபோது மெட்ராஸிலிருந்து போன். நாளைக்குத் துறவி ஒருவர் சென்னைக்கு வருவதால் எல்லோரும் அங்கே இருக்க வேண்டும், அடுத்த ஞாயிறு வருகிறோம் என்றார்கள். ஜெயசுதா நன்றி சொல்லிவிட்டு போனை வைத்தாள். தரணி கையிலிருந்த சொம்பைத் தூக்கி முற்றத்தில் அடித்தான். அவன் பாத்திரம் வீசி நான் பார்த்ததே இல்லை.

"இன்னிக்கே அடிக்கறேன்" என்றான்.

"அடிங்க" என்றாள் ஜெயசுதா. "அடிச்சிட்டு வாங்க. நான் மெட்ராஸுக்கு போன் பண்ணி வர வேணான்னு சொல்லிடறேன். துணிக்கடைக்கு நாளைக்கே போறேன்."

கோபமாகச் சொல்லவில்லை. பால் வாங்கிவிட்டு வருகிறேன் என்பதுபோலத்தான் சொன்னாள். தரணி என்னைப் பார்த்தான். இருட்டுவதற்குள் சாப்பிட வேண்டும் என்று அனு வந்து கூப்பிட்டாள். அவன் உள்ளே போய்ச் சாப்பிட்டான். மருந்தடிக்கவில்லை.

நான் அடித்தேன். அதைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. "நீ அடிக்காம இருந்தா அவங்க பயிரு பொழைச்சிடுமா? ரெண்டும்தான் போவும்" என்றாள் மனோரமா. அவள் சொன்னது நியாயம்தான். ஞாயிறு காலையில் டேங்கைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கினேன். வரப்புக்கு அந்தப் பக்கம் ஜெயசுதா பயிரை விலக்கிக்கொண்டிருந்தாள். காற்று அவள் பக்கமாக வீசியது.

"தள்ளி நில்லும்மா, மருந்து மேல படும்."

"நீங்க அடிங்கண்ணா" என்று சொல்லிவிட்டு முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். என் வயலில் சாகாத பூச்சி எங்கே போகும் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

செவ்வாய்க்கிழமை தரணி வயலின் நடுவில் ஒரு கட்டில் அகலத்துக்குப் பயிர் மஞ்சளானது. புதன்கிழமை அது காய்ந்து பழுப்பானது. வெள்ளிக்கிழமைக்குள் அந்த மாதிரி வட்டம் பதினைந்து, இருபது. வட்டமும் வட்டமும் சேர்ந்துகொண்டன. நெருப்பு வைத்தது மாதிரி சுருண்டு படுத்துவிட்டது பயிர். கதிரை நசுக்கினால் பால் இல்லை. இந்தப் பக்கம் என் வயல் பச்சையாக நின்றது. நான் இரண்டு நாள் வயல் பக்கம் போகவில்லை.

மறு ஞாயிறு மேல்மலையனூர் அமாவாசை. ஸ்பெஷல் பஸ்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு டிரஸ்ட்டின் கார் வந்து சேர மத்தியானம் மூன்று மணி ஆகிவிட்டது. வந்தவர் சாந்திலால். அறுபது வயதிருக்கும். வெள்ளைச் சட்டை, ரப்பர் செருப்பு. மெட்ராஸிலேயே பிறந்து வளர்ந்தவர், தமிழ் சரளமாகப் பேசினார். இறங்கியதும் எல்லோரையும் கும்பிட்டார். நான் விண்ணப்பம் போட்டவன் என்கிற உரிமையில் அங்கே இருந்தேன். நாலு பிள்ளைகளின் தகப்பன்மார்களும் வந்திருந்தார்கள். ஸ்ரீபாலன் என்பவர் கன்னியப்பனின் ஆட்டோவிலேயே பிள்ளைகளோடு வந்து இறங்கினார்.

பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து சொன்னார்கள். ஏழும் ஒரே குரலில் மந்திரம் சொன்னபோது எனக்கே உடம்பு சிலிர்த்தது. இருபத்து நான்கு பெயரையும் அனு மூச்சு விடாமல் சொன்னாள். வித்யாஸ்ரீ ஏழு வயதுதான், நடுவில் இரண்டு பெயரை மறந்துவிட்டாள். அவள் தங்கை எடுத்துக் கொடுத்தாள். சாந்திலால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நடிப்பில்லை. அவர் நல்ல மனிதர், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பொழுது சாய்வதற்குள் சாப்பாடு போட வேண்டும் என்று ஜெயசுதா அவசரப்பட்டாள். பூசணிக்காய் சாம்பார், கொத்தவரங்காய்ப் பொரியல், வாழைக்காய், பாயசம். வடிகட்டிய தண்ணீரை அனு கொண்டுவந்து வைத்தாள். சாந்திலால் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டு, கையைக் கழுவிவிட்டுக் கேட்டார்:

"வர்ற வழியில ஒரு வயல் பாத்தேன். தீப்பிடிச்சிருச்சா?"

தரணி, "ஆமாங்க" என்றான்.

"இல்லீங்க" என்றாள் ஜெயசுதா. "அது எங்க வயலு. பூச்சி விழுந்துடுச்சி. மருந்து அடிக்கல. ஃபாரத்துல எழுதிக் குடுத்திருந்தோம்."

"எந்த ஃபாரத்துல?"

"உங்க ஃபாரத்துலதான். பதினாலாவது கேள்வி."

அவருக்கு நினைவு வரவில்லை. பையிலிருந்து விண்ணப்பத்தை எடுத்துப் புரட்டினார். படித்தார். நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"இருபது வருஷமா இந்த ஃபாரம் வாங்கறேம்மா" என்றார். "இந்தக் கேள்விய இதுவரைக்கும் நான் ஒருத்தர்கிட்டயும் கேட்டதில்ல. எங்க டிரஸ்டிங்ககிட்ட கேட்டா அவங்களே ஆமான்னு போட யோசிப்பாங்க. நீங்க அடிச்சிருக்கலாம்." பிறகு எழுந்து நின்று அவளைக் கும்பிட்டார்.

ஜெயசுதாவும் கும்பிட்டாள். "அப்ப கிளாஸுக்கு?" என்றாள்.

சாந்திலால் மறுபடியும் உட்கார்ந்தார். "சொல்லித்தான் ஆகணும். பதினஞ்சு பசங்களுக்குக் கொறைஞ்சா வகுப்புக்கு நிதி கெடையாது. இது நான் வெச்ச சட்டம் இல்ல. நானும் பேசிப் பாத்தாச்சு."

"ஏழுன்னு மொதல்லயே போட்டிருந்தோமே" என்றேன் நான். "அப்ப இன்னாத்துக்கு நேர்ல வரணும்?"

"பசங்களப் பாக்கத்தான் வந்தேன். இந்த மாதிரி சின்ன ஊர்ல இருக்கற நல்ல பசங்கள நாங்க மெட்ராஸ் ஹாஸ்டலுக்கு எடுத்துக்கறோம். பத்து வயசு ஆயிருக்கணும். சாப்பாடு, துணி, ஸ்கூல் ஃபீஸு எல்லாம் டிரஸ்ட் பாத்துக்கும். கோயிலும் உள்ளயே இருக்கு, டெய்லி பாடம் உண்டு. இங்க அந்த வயசு ஆன அஞ்சு பேருமே வரலாம். இவ்ளோ நல்லா சொல்ற பசங்கள நான் எங்கயும் பாக்கல. அந்தப் பெருமை உங்களுதுதான்."

இவ்வளவு நாள் அவள் சொல்லிக்கொடுத்ததே அந்த ஐந்து பேரையும் கூட்டிப்போகத்தான் என்று ஆகிவிட்டது. அவர் அதைப் பாராட்டாகத்தான் சொன்னார்.

"காலேஜு வரைக்குமாங்க?" என்று ஸ்ரீபாலன் கேட்டார்.

"காலேஜ் வரைக்கும்."

"இங்கிலீஷ் மீடியமா?"

"ஆமா, இங்கிலீஷ் மீடியம்தான்."

தகப்பன்மார்கள் அவரைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். எப்போது சேர்க்க வேண்டும், என்னென்ன சான்று வேண்டும் என்று ஆளுக்கொரு கேள்வி. அவர்களைத் தப்பு சொல்ல முடியாது. எனக்கு அப்படி ஒரு இடம் கிடைத்தால் நானும்தான் கேட்பேன். ஜெயசுதா எச்சில் இலைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். பாத்திரம் துலக்குகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. கார் கிளம்பும்போதுதான் வெளியே வந்தாள்.

அந்த வாரமே நாலு பிள்ளைகளின் விண்ணப்பமும் என் கடையில்தான் நிரம்பியது. வேகமாகத் தட்டினேன். யாரும் எதையும் படிக்கச் சொல்லவில்லை.

தரணி வயலில் அறுவடை மெஷின் இறங்கவில்லை. இறங்கி அறுக்க அதில் ஒன்றுமில்லை. காய்ந்ததை அரிவாளால் அறுத்து ஒரு கட்டு வீட்டுக்குக் கொண்டுபோய் மாட்டுக்குப் போட்டான். மாடு மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. மீதியை அப்படியே மடக்கி உழுதுவிட டிராக்டருக்குச் சொல்லியிருந்தான். வரப்பில் உட்கார்ந்து என்னிடம் சொன்னான்:

"அனுவையும் அனுப்பிடலாம்னு இருக்கறேன்."

"ஜெயசுதா இன்னா சொல்றா?"

"ஒண்ணியும் சொல்லல. நெல்லு வந்திருந்தா வெச்சிக்கினு இருப்பேன், அரங்கநாதா. இப்ப எத்தப் போட்டு வெச்சிக்கறது? ரேஷன் அரிசிய வாங்கிப் போட்டுடலாம். ஸ்கூலுக்கு? இந்த வருசம் பத்தாவதுக்குப் போவப் போவுது பாரு."

"அவள எதுனா திட்டினியா?"

"எதுக்குத் திட்டணும்? அவ இன்னா தப்பு பண்ணா?"

அவன் திட்டாததுதான் ஜெயசுதாவுக்குத் தாங்கவில்லை. அனுவின் விண்ணப்பத்துக்காக அவளே கடைக்கு வந்தபோது, "ஒரு வார்த்த திட்டியிருந்தா தேவலண்ணா. டீ போட்டுக் குடுத்தாரு" என்றாள். அழுதாள். கடையில் ஆள் இருந்தது. நான் மின்விசிறியைக் கூட்டிவைத்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். கூட வந்திருந்த அனு, மாதம் ஒரு தடவை வீட்டுக்கு விடுவார்களா என்று மட்டும் கேட்டாள். விண்ணப்பத்தில் வருஷத்துக்கு இரண்டு தடவை என்று இருந்தது. "அப்பப்ப விடுவாங்க கண்ணு" என்றேன்.

தை பிறந்து இரண்டாவது திங்கட்கிழமை, பள்ளிக்கூட வருஷம் முடியக்கூடக் காத்திராமல், ஐந்து பேரும் சென்னை பஸ்ஸில் ஏறினார்கள். ஸ்ரீபாலன் கூடப் போய் விட்டுவிட்டு வருவதாக ஏற்பாடு. ஜெயசுதா ஜன்னலுக்குக் கீழே நின்று அனுவிடம் எண்ணெய் பாட்டில் எந்தப் பையில் இருக்கிறது என்று மறுபடி மறுபடி சொல்லிக்கொண்டிருந்தாள். "சரிம்மா, சரிம்மா" என்றாள் அனு. "நைனாவ டெய்லி ஒரு வாட்டியாச்சும் போன் பண்ணச் சொல்லு." தரணி தள்ளிப்போய் நேரக்காப்பாளர் அறைப் பக்கம் திரும்பி நின்றான். பஸ் போனதும் ஜெயசுதா முகத்தைக் கழுவிக்கொண்டு நேராகத் துணிக்கடைக்கு நடந்தாள். அன்றைக்குத்தான் வேலையில் சேர வேண்டிய நாள், ஒன்பதரைக்குள் இருக்க வேண்டுமாம்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் கடைக்குப் போகவில்லை. செஞ்சி பேக்கரியில் முந்தின நாள் வாங்கிய தேங்காய் பன்னை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போகிற வழியில் தரணி வீட்டைத் தாண்டினேன். வாசலில் வித்யாஸ்ரீயும் அவள் தங்கையும் உட்கார்ந்திருந்தார்கள். தலை வாரிப் பொட்டு வைத்து, மடியில் நோட்டு. கதவில் பூட்டுத் தொங்கியது. இவர்கள் இரண்டு பேருக்கும் பத்து வயது ஆகவில்லை என்பதால் ஹாஸ்டலும் இல்லை. வகுப்பு இல்லை என்று சொல்ல வேண்டும் என்பது யாருக்கும் தோன்றவில்லை போலிருக்கிறது.

"எந்நேரம் ஒக்காந்துக்கினு இருக்கறீங்க?"

"அப்பவே வந்துட்டோம் மாமா. அனுக்காவும் இல்ல, டீச்சரும் இல்ல."

"டீச்சரு வேலைக்குப் போயிட்டாங்கம்மா. இனிமே கிளாஸ் இல்ல. வூட்டுக்குப் போங்க."

இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. எழுந்திருக்கவில்லை. எனக்கு அங்கே நிற்கவும் முடியவில்லை, போகவும் முடியவில்லை. பொட்டலத்தைப் பிரித்து ஆளுக்கொரு பன் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்கள். சின்னவள் வாயருகே கொண்டுபோனாள். வித்யாஸ்ரீ அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மாமா, இதுல முட்ட போட்டிருக்குதா?"

நான் பன்னைப் பார்த்தேன். மேலே பளபளவென்று இருந்தது. எதைத் தடவி அப்படி ஆக்குகிறார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும். பதினெட்டு வருஷமாக அந்தக் கடையில் வாங்குகிறேன், ஒரு நாளும் கேட்டதில்லை.

"தெரியலம்மா" என்றேன்.

"பரவால்ல மாமா. டீச்சரக் கேட்டுட்டுத் துன்றோம்."

"டீச்சருதான் வர மாட்டாங்கன்னு சொன்னேனே."

"இன்னிக்கு வரலன்னா அடுத்த வாரம் கேட்டுட்டுத் துன்றோம்" என்று சொல்லிவிட்டு, இரண்டு பன்னையும் நோட்டிலிருந்து கிழித்த தாளில் சுற்றிப் பைக்குள் வைத்தாள். தங்கையின் வாயைத் துடைத்துவிட்டாள். பிறகு இரண்டு பேரும் நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். அடுத்த வாரம்வரை பன் தாங்காது என்பதைக்கூட நான் சொல்லவில்லை.